தொடுவானம் தெரியும்வரை

1988 செப்டம்பருக்குப் பிறகு அந்த லாக்புக்கில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த பதிவு 1997 டிசம்பரில். நடுவில் ஒன்பதே கால் வருடம் வெறும் தாள்.

விமானம் ஓட்டுகிறவர்களுக்கு லாக்புக் என்பது ஜாதகம் மாதிரி. எந்தத் தேதி, எந்த விமானம், எங்கிருந்து எங்கே, பகலா இரவா, பக்கத்தில் பயிற்றுநர் இருந்தாரா என்று ஒவ்வொரு பயணமும் அதில் ஏறும். இந்த லாக்புக்கின் சொந்தக்காரர் ஜான் எஃப். கென்னடி ஜூனியர். 1963-இல், சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதியான அப்பாவின் சவ ஊர்வலத்துக்கு சல்யூட் வைத்த அந்த மூன்று வயதுப் பையன்தான். 1999 ஜூலை 16 இரவு, 38 வயதில், தன் சொந்தச் சிறு விமானத்தை அவரே ஓட்டிப்போய் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அருகே கடலில் விழுந்து இறந்தார். கூட இருந்தவர்கள் மனைவி கேரலின், கேரலினின் அக்கா லாரன்.

பிரபலத்தின் சாவு என்பதால் இதைச் சுற்றிக் கதைகள் ஏராளம். சாபம் என்றார்கள், சதி என்றார்கள், அம்மா தடுத்தும் கேட்காமல் ஓட்டினார் என்றார்கள். அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000 ஜூலையில் வெளியிட்ட விசாரணை அறிக்கையை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறேன். கென்னடி என்ற பெயரை எடுத்துவிட்டால், நடுவயதில் பழைய ஆசைக்குத் திரும்பி, உரிமம் வாங்கி, ஒரே வருடத்தில் விமானமும் வாங்கிய ஒருவருடைய கதைதான் அது. அந்த மாதிரி ஆட்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

முதல் பாடம் 1982 அக்டோபர் 4. அடுத்த ஆறு வருடத்தில் ஆறு பயிற்றுநர்கள் மாறினார்கள். மொத்தம் 47 மணி நேரம் பறந்திருக்கிறார். அதில் 46 மணி நேரம் பயிற்றுநரோடு, தனியாக ஒரே ஒரு மணி நேரம். உரிமம் வாங்கும் அளவுக்குப் போகவில்லை. அப்புறம் படிப்பு, வேலை, பத்திரிகை. நம்மில் பலர் பாதியில் விட்ட வீணை வகுப்பு மாதிரி அது அப்படியே நின்றுபோனது.

திரும்பி வந்த விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஃபுளோரிடாவில் வீரோ பீச் என்ற ஊரில் ஃப்ளைட்சேஃப்டி பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 1997 டிசம்பர் முதல் 1998 ஏப்ரல் வரை சுமார் 53 மணி நேரம் பறந்தார். பள்ளிப் பயிற்றுநர் அவரது திறமையை 'மிக நன்று' என்றே சொல்லியிருக்கிறார். ஏப்ரல் 22 அன்று உரிமத் தேர்வு. வெளியே பார்க்க முடியாதபடி கண்ணுக்கு மேல் மறைப்பை மாட்டிவிட்டு, தேர்வாளர் விமானத்தைத் தாறுமாறாகச் சாய்த்துக் கையில் கொடுப்பார். கருவிகளை மட்டும் பார்த்து நிமிர்த்த வேண்டும். இரண்டு தடவையும் சரியாக நிமிர்த்தினார். ஆக, ஒன்பது வருட இடைவெளிதான் அவரைக் கொன்றது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இடைவெளியை அவர் ஒழுங்காகவே அடைத்தார். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது.

1998 மே முதல் நியூஜெர்சியில் கால்ட்வெல் ஊரின் எசெக்ஸ் கவுன்டி விமான நிலையத்திலிருந்து பறக்க ஆரம்பித்தார். வார இறுதியில் கென்னடி குடும்பத்தின் இடமான ஹயானிஸுக்கும் வின்யார்ட் தீவுக்கும் போய்வருவதுதான் பெரும்பாலும் வேலை. விபத்துக்கு முந்தைய 15 மாதத்தில் அந்தப் பக்கம் போகவும் வரவும் சுமார் 35 தடவை பறந்திருக்கிறார். தெரியாத பாதை இல்லை.

1999 ஏப்ரல் 5 அன்று மறுபடி வீரோ பீச். இந்த முறை இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்காக, அதாவது வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளை நம்பி ஓட்டும் தகுதிக்காக. மொத்தம் 25 பாடம். 12 பாடம் முடித்தார். பதினோராவது பாடம் மட்டும் கொஞ்சம் படுத்தியது. ரேடியோ வழிகாட்டி நிலையங்களைப் பிடித்துத் திசை கண்டுகொண்டே, கட்டுப்பாட்டு அறையோடும் பேச வேண்டிய பாடம் அது. நான்கு தடவை முயன்று தேறினார். நடுவில் ஒரு வாரம் விடுப்பு. கருவி பார்த்து ஓட்டுவது அருமை, ஆனால் ஒரே நேரத்தில் பல வேலை வந்தால் தடுமாறுகிறார், இந்த அனுபவத்துக்கு அது சகஜம்தான் என்பது பயிற்றுநரின் கணிப்பு. அடுப்பில் பால், வாசலில் கேஸ்காரர், காதில் போன் என்று மூன்றும் சேரும்போது பால் பொங்குமே, அந்தத் தடுமாற்றம். பழகினால் போய்விடும். பழக வேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 24-இல் பள்ளியை விட்டுக் கிளம்பினார். திரும்பிப் போகவில்லை. ஏப்ரல் 28-இல் பைப்பர் சரடோகா விமானம் அவருக்குச் சொந்தமான ராண்டம் வென்ச்சர்ஸ் நிறுவனத்தின் பெயருக்கு மாறியது.

இந்த நான்கு நாளைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பாதிப் படிப்பில் வெளியே வந்தவர் கையில் முழு விமானம் வந்து சேர்கிறது. விமானத்தில் குறையில்லை. 1995-இல் தயாரான இரண்டாம் கை விமானம், வாங்குவதற்கு முன் பரிசோதித்ததில் நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிந்தது. ஆறு இருக்கை, 300 குதிரைத்திறன், உள்ளே மடங்கும் சக்கரம், விசிறியின் கோணத்தை விமானியே மாற்றிக்கொள்ளும் அமைப்பு, நல்ல ஆட்டோபைலட். அதற்கு முன் பழகிய செஸ்னா 182-இல் சக்கரம் எப்போதும் கீழேயே நிற்கும், வேகமும் குறைவு. ஸ்கூட்டரிலிருந்து புல்லட்டுக்கு மாறுவது போல என்று சொன்னால் பாதி சரி. மீதிப் பாதி இது: வேகமான, வழவழவென்ற உடல்வாகுள்ள விமானம் மூக்கைக் கவிழ்த்தால் வேகம் மளமளவென்று ஏறிவிடும். தவறைத் திருத்த மெதுவான விமானம் கொடுக்கும் நேரத்தை இது கொடுக்காது.

மே மாதம் ஒரு பயிற்றுநர் இந்த வகை விமானத்தை ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார். ஜூன் 1-ஆம் தேதி வேறொரு பறக்கும் பொழுதுபோக்கில் விழுந்து இடது கணுக்கால் உடைந்தது. மறுநாள் அறுவை சிகிச்சை. முதலில் மாவுக்கட்டு, ஜூன் 23-இல் அதை எடுத்துவிட்டுக் கழற்றி மாட்டும் பூட். பூட்டைக் கழற்றியது ஜூலை 15. ஜூலை 16-இல் கைத்தடி கொடுத்து அதை ஊன்றி நடக்கச் சொல்லித்தந்தார்கள்.

கால் உடைந்ததைப் பெரும்பாலான கட்டுரைகள் 'காலால் பெடலை அழுத்த முடியாமல் போனதா' என்ற கேள்வியோடு முடித்துவிடுகின்றன. அதற்குப் பதில் எளிது: தேவையான அளவு அழுத்தியிருக்க முடியும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்குப் படுவது வேறு. புது விமானம் கைக்கு வந்து ஐந்தாவது வாரத்தில் கால் உடைகிறது. அதன்பின் ஜூன் 25 பயணத்தில் பயிற்றுநர்தான் பெடலுக்கு உதவினார். ஜூலை 1 இரவுப் பயணத்தில் இன்னொரு பயிற்றுநர் விமானத்தைத் தரையில் ஓட்டினார், இறக்கவும் கை கொடுத்தார். அதாவது, புது விமானத்தோடு தனியாகப் பழக வேண்டிய வாரங்களில் பக்கத்தில் யாரோ இருந்துகொண்டே இருந்தார்கள்.

அறிக்கையின் உத்தேசக் கணக்கைப் பாருங்கள். மொத்த அனுபவம் 310 மணி நேரம், அதில் இரவு 55. கேட்க நன்றாகவே இருக்கிறது. பயிற்றுநர் இல்லாமல் பறந்தது எவ்வளவு என்றால் சுமார் 72. இந்தச் சரடோகாவில் 36 மணி நேரம். அதில் பயிற்றுநர் இல்லாமல் சுமார் 3. அந்த மூன்றிலும் இரவு 0.8 மணி நேரம். அதாவது 48 நிமிடம், ஒரு தரையிறக்கம்.

'310 மணி நேர விமானி' என்று செய்தித்தாளில் படித்தோம். அன்று இரவு அவர் செய்யப்போன வேலையை, அதாவது இந்த விமானத்தை இருட்டில் பயிற்றுநர் இல்லாமல் ஓட்டுவதை, அதுவரை 48 நிமிடம்தான் செய்திருந்தார். மற்ற மணி நேரங்கள் பொய் இல்லை. ஆனால் பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது ரேடியோவை அவர் பார்த்துக்கொள்வார், மூடுபனி வந்தால் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான அனுமதியைக் கட்டுப்பாட்டு அறையிடம் அவர் கேட்டு வாங்குவார். ஜூன் 25-இல் அப்படித்தான் நடந்தது. தீவின் மேல் 300 அடியில் மேகம் மூடியிருந்தது. பயிற்றுநர் அனுமதி வாங்கி, ஆட்டோபைலட்டையே வைத்து ஓடுபாதைக்குக் கொண்டுவந்து காட்டினார். பார்த்தது ஒரு அனுபவம், செய்தது இன்னொரு அனுபவம். லாக்புக்கின் மொத்தக் கணக்கில் இரண்டும் ஒன்றாகவே ஏறும்.

ஜூலை 16 வெள்ளிக்கிழமை. மறுநாள் ஹயானிஸில் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம். வழியில் லாரனை வின்யார்டில் இறக்கிவிட வேண்டும். விமான நிலையத்துக்கு மாலை ஐந்தரை, ஆறு மணிவாக்கில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆறரைக்குப் பிறகு இணையத்தில் வானிலை பார்த்திருக்கிறார். மேகத் தொல்லை இல்லை, பாதையெங்கும் பார்வைத் தூரம் 4 முதல் 10 மைல், சில இடங்களில் புகைமூட்டம். ஓடுபாதையை விட்டுக் கிளம்பியபோது மணி 8.38. வின்யார்டில் சூரியன் 8.14-க்கே மறைந்துவிட்டது.

சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. அமெரிக்காவில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லாதவரும் இரவில் வெளியே பார்த்து ஓட்டலாம். அவர் பறந்த மாதிரி வான்வெளியில் மூன்று மைல் தெரிந்தால் போதும். கரையோர நிலையங்களில் 5 முதல் 8 மைல் தெரிந்தது. தீவின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்த மேலாளர், நட்சத்திரங்களைப் பார்த்ததாகவே சொல்லியிருக்கிறார்.

ஆனால் சட்டம் அளப்பது மைலை. வெளியே பார்த்து ஓட்டுகிறவருக்கு வேண்டியது தொடுவானம். வானம் எங்கே முடிகிறது, பூமி எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்டும் அந்த ஒரு கோடு இருந்தால்தான் இறக்கை மட்டமாக இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். நிலத்தின் மேல் இரவிலும் ஊர் விளக்குகள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொடுக்கும். கடலின் மேல், லேசான புகைமூட்டத்தில், மெல்லிய பிறை மட்டும் மேற்கே தாழ்ந்து முதுகுக்குப் பின்னால் இருக்கிற இரவில், எட்டு மைல் தெரிந்தாலும் அந்த எட்டு மைலுக்குள் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

அன்றே நியூஜெர்சியின் டெட்டர்பரோவிலிருந்து, வின்யார்டைத் தாண்டி இருக்கும் நான்டக்கெட் தீவுக்குப் பறந்த இன்னொரு விமானியின் வாக்குமூலம் அறிக்கையில் இருக்கிறது. வின்யார்ட் பக்கம் வந்ததும் கீழே பார்த்திருக்கிறார். தொடுவானமும் இல்லை, விளக்கும் இல்லை. தீவு தெரிகிறதா என்று அந்தப் பக்கமாகத் திருப்பியும் பார்த்தார். தீவு இருப்பதற்கான அடையாளமே இல்லை. தீவு முழுக்க கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தாராம். முப்பது பக்கம் எழுதினாலும் இதைவிடத் தெளிவாக அந்த இரவைச் சொல்ல முடியாது.

கால்ட்வெல்லிலிருந்தே அன்று மாலை தீவுக்குக் கிளம்பவிருந்த வேறொருவர் போகவில்லை. அவர் சொன்ன காரணங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒரே புகைமூட்டமாக இருந்தது, கூட வர நண்பர்கள் கிடைக்கவில்லை, தீவில் ஓட்டல் அறைக்குக் காசு கொடுக்க வேண்டியதும் மிச்சம். சனிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார். அவரை ஞானி என்று சொல்ல மாட்டேன். அவருக்குக் காத்திருக்கும் மச்சினியும் கல்யாணமும் இல்லை. கிளம்புவதும் தங்குவதும் பெரும்பாலும் இப்படிச் சில்லறைக் காரணங்களால்தான் தீர்மானமாகின்றன.

கென்னடி 5,500 அடிக்கு ஏறி கனெக்டிகட், ரோட் ஐலண்ட் கரையை ஒட்டியே போனார். கரை விளக்குகள் துணைக்கு இருந்தன. பாயின்ட் ஜூடித் என்ற முனையைத் தாண்டியதும் கரையை விட்டு, 30 மைல் திறந்த கடலைக் கடக்க நேரே போனார். கரையோடு வளைந்து போயிருந்தால் பாதை கொஞ்சம் நீண்டிருக்கும். தீவுக்கு 34 மைல் இருக்கும்போது இறங்க ஆரம்பித்தார். அதுவரை எல்லாம் ஒழுங்கு. ரேடியோவில் மட்டும், கால்ட்வெல் கோபுரத்தோடு கிளம்பும்போது பேசியதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை. கேட்டிருந்தால் வழியெங்கும் ரேடாரில் ஒருவர் பார்த்துக்கொண்டே வந்திருப்பார். பதினோராவது பாடத்தில் அவருக்குச் சிரமம் கொடுத்த வேலை இதுதான்.

9.38-க்கு, கரைக்கு ஏழு மைல் இருக்கும்போது விமானம் வலது பக்கம் திரும்பியது. வலது பக்கம் வெறும் கடல். இறக்கம் 2,200 அடியில் நின்றது, மறுபடி 2,600-க்கு ஏறியது. பிறகு இடது பக்கம் திரும்பியபடியே இறங்க ஆரம்பித்தது. அப்புறம் திரும்பவும் வலது. இந்தத் தடவை சாய்வு கூடிக்கொண்டே போனது, வேகமும் கூடியது. 9.40.34-க்கு ரேடாரின் கடைசிப் புள்ளி, 1,100 அடி. நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேலாக விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கில் 1,100 அடி என்பது பதினான்கு விநாடி.

விமானிக்கு என்ன ஆனது? சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையைக் கோத்துச் சுற்றிவிட்டுச் சட்டென்று நின்றால் உலகம் எதிர்ப்பக்கம் சுற்றும். காதுக்குள் அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவத்தின் வேலை அது. தலை திரும்பும்போது திரவம் கொஞ்சம் பின்தங்கும், அந்த வித்தியாசத்தைத்தான் மூளை 'திரும்புகிறோம்' என்று படிக்கிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் அரை நிமிடத்துக்குள் திரவமும் வேகத்தைப் பிடித்துவிடும். பிறகு உடம்புக்கு நேராகப் போவது போலவே இருக்கும். அப்போது உண்மையிலேயே நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று உடம்பு கூப்பாடு போடும். அதை நம்பி விமானி மறுபடி பழைய சாய்வுக்கே போவார். சாய்ந்த விமானம் தானாக மூக்கைத் தாழ்த்தும். உயரம் குறைகிறதே என்று கட்டுப்பாட்டுக் கைப்பிடியை இழுத்தால் மூக்கு மேலே வராது, சுழல்தான் இறுகும். முதலில் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். அதற்குச் சாய்ந்திருக்கிறோம் என்று தெரிய வேண்டும். தட்டாமாலையில் தரையாவது கண்ணுக்குத் தெரியும்.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளிப்பார்வையை மறைத்து ஓட்டவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடியில். கருவிகளில் கைதேர்ந்தவர்களுக்கே, வெளிப்பார்வை போனபின் கருவிகளுக்கு மாறி முழுக் கட்டுப்பாட்டுக்கு வர 35 விநாடி வரை பிடிக்கலாம் என்று அமெரிக்க விமானத்துறையின் பழைய சுற்றறிக்கை சொல்கிறது. இங்கே முதல் வலதுபக்கத் திருப்பத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை ஏறக்குறைய இரண்டரை நிமிடம்.

ஆட்டோபைலட் இருந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. அதை அவர் நன்றாகவே பயன்படுத்துவார் என்று ஜூலை 1-இல் கூடப் பறந்த பயிற்றுநர் சொல்கிறார். ஒன்றிரண்டு தடவை அது தானாகத் திசை மாறியதையும், அணைத்துவிட்டு மறுபடி போட்டதும் சரியானதையும் இன்னொரு பயிற்றுநர் சொல்கிறார். கடைசி நிமிடங்களின் ரேடார் கோடு, என் பார்வையில், கை ஓட்டிய கோடு.

தீவில் விமானம் வந்து சேரவில்லை என்பது பெரிதாக உறைக்க வெகுநேரம் ஆனது. பயணத் திட்டம் எதுவும் பதிவாகவில்லை, ரேடியோவில் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. கடலோரக் காவல்படைக்குத் தகவல் போனபோது இரவு இரண்டு மணி தாண்டிவிட்டது. ஜூலை 20 இரவு, 120 அடி ஆழத்தில் உடைந்த பாகங்கள் கிடைத்தன. எஞ்சினிலோ கருவிகளிலோ விழுவதற்கு முன் கோளாறு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசி ஐந்து நிமிடப் பேச்சைப் பிடித்துவைக்கும் சின்ன ஒலிப்பதிவுக் கருவியும் கிடைத்தது. நசுங்கியிருந்தது, அதன் பேட்டரி இல்லை. ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. இரவில் கடலின் மேல் இறங்கும்போது திசையுணர்வு தடுமாறி விமானி கட்டுப்பாட்டை இழந்தார், புகைமூட்டமும் இருட்டும் துணைக்காரணங்கள் என்று அறிக்கை முடிக்கிறது.

பயிற்றுநர்களை வாரியம் ஒவ்வொருவராகக் கேட்டது. யாரும் மோசமான விமானி என்று சொல்லவில்லை. திட்டமிட்டுச் செய்பவர், எச்சரிக்கையானவர் என்றார் ஒருவர். தொடுவானம் தெரியும்வரை இரவில் தீவுக்குப் போய்விடுவார் என்றும் சொன்னார். நிபந்தனை அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. மற்றொருவர், 39 மணி நேரம் அவரோடு பறந்தவர், அதில் 21 மணி நேரம் இரவில். அந்த மாதிரி வானிலையில், அந்தப் பாதையில், இரவில் அவர் ஓட்டுவதை நினைத்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்காது என்றார். சரடோகாவில் பயிற்றுநர் இல்லாமல் அவர் பறந்ததே இவருக்குத் தெரியாது.

இந்தப் பயிற்றுநர் விபத்து நாளன்று கென்னடியோடு பேசியிருக்கிறார். நானும் கூட வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். தனியாகச் செய்ய விரும்புவதாகப் பதில் வந்தது.

அந்தப் பதிலை ஆணவம் என்று எழுதியவர்கள் அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 310 மணி நேரத்தில் சுமார் 240-ஐ யாரோ ஒருவருடைய தோளை ஒட்டியே பறந்தவர். ஆறு வாரம் கட்டுப்போட்ட காலோடு, சொந்த விமானத்தைத் தரையில் உருட்டக்கூட ஆள் வைத்துக்கொண்டவர். பூட்டைக் கழற்றி ஒரு நாள் ஆகியிருந்தது. தனியாக ஓட்டத்தானே விமானம் வாங்குவது.

சரடோகாவில் ஆறு இருக்கை. அன்று மூன்று காலியாகப் போயின.